துணியின் பின்பக்கம்

தூங்கிவிட்டான். தூங்கிவிட்டான்தானே. இமை ஒட்டிவிட்டது, வாய் மட்டும் இன்னும் பால் குடிப்பதுபோல் சப்புக்கொட்டிக்கொண்டிருக்கிறது, சுண்டுவிரல் என் நைட்டியின் கழுத்து நாடாவைக் கொக்கி போட்டுப் பிடித்திருக்கிறது. அந்த விரலை மெதுவாக விடுவிக்க வேண்டும், அவசரப்பட்டால் முழித்துக்கொள்வான், முழித்தால் இன்றைய மதியமும் போச்சு. பொன்மலை ரயில்வே பட்டறையில் மதியச் சங்கு ஊதியபோது இவனை மடியில் போட்டேன். சாயங்காலச் சங்குக்குள் உடுப்பில் தைக்கும் புறாவை முடித்தாக வேண்டும். இன்றைக்கு வியாழன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். எட்டு மாதப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று எங்கள் பக்கம் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், நாற்பது நாளில் கொடுத்துவிடுவார்கள், போனால் போகிறதென்று மூன்று மாதம். உடுப்பு இன்னும் முடியல ஃபாதர் என்று இரண்டாம் தடவை நான் போய் நின்றபோது பங்குச்சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பரவால்லம்மா, பையனே நடந்து வந்து தலையக் குனிஞ்சு தண்ணி வாங்கிக்கட்டும், எனக்கும் தூக்குற வேலை மிச்சம்" என்றார். என் கணவர் பெலிக்ஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதேன். முதல் உடுப்பு மூன்று மாத அளவுக்கு வெட்டியது, தைத்துப் பிரித்துத் தைத்துப் பிரித்து முடிப்பதற்குள் அதில் இவன் கை நுழையவில்லை. இரண்டாவது ஐந்து மாத அளவு, அதில் கழுத்து நுழையவில்லை. இது மூன்றாவது. இவன் வளர வளர நான் வெட்டிக்கொண்டிருக்கிறேன். சுண்டுவிரலை விட்டுவிட்டான், அப்பாடா. இரண்டு பக்கமும் தலையணை. மூச்சு வருகிறதா, மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தேன், வருகிறது, சூடாக, பால் வாசனையோடு. மறுபடியும் பார்த்தேன். வருகிறது.

கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். திறந்ததும் ஊசியை எண்ண வேண்டும், மூடும்போதும் எண்ண வேண்டும், இது கான்வென்ட்டில் வந்த பழக்கம், ஜெபம் மறந்தாலும் இது மறக்காது. ஐந்து. மெல்லியின் நிழல் கதவோரத்தில் விழுந்தது. மெலிட்டா, ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு, காலாண்டு லீவு. "அம்மா, நானும் வந்து உக்காரட்டா?" "தம்பி தூங்குறான். கூடத்துல போயி வரை." "ஒரே ஒரு தையல் போடட்டா?" "ஊசியத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்." "சரி. இது என்ன பறவம்மா?" "புறா. பரிசுத்த ஆவி." "அப்ப ஏம்மா அதுக்கு..." "போடின்னா." நிழல் போய்விட்டது. கையை ஒடிப்பேன் என்றா சொன்னேன். சொல்லிவிட்டேன். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலில் பறக்கும் புறா, நெஞ்சுக்கு நடுவில், சிறகு இரண்டு பக்கமும் விரிந்து. கோயிலில் அரையிருட்டில் அது யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை, பெலிக்ஸ் இதைச் சொன்னார், தண்ணி ஊத்தினா நனையப்போகுது, அவ்வளவுதானே டெல்பி என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் இடது சிறகின் மூன்றாவது இறகில் ஒரு தையல் பக்கத்துத் தையலைவிட ஒரு நூல் அகலம் தள்ளி இறங்கியிருக்கிறது. நேற்று அது இல்லை. நேற்று அதைப் பார்த்துத் திருப்தியாகத்தான் பெட்டியை மூடினேன். ராத்திரியில் துணி நகர்ந்துகொள்ளுமா. துணியை இறுக்கிப் பிடித்திருக்கும் வளையத்தைத் திருப்பினேன். பின்பக்கம். பின்பக்கத்தில் ஒரு நூல் குறுக்கே தாண்டிப் போயிருக்கிறது, அரிசி அளவுதான், ஆனால் தாண்டியிருக்கிறது. கத்தரியின் நுனி தானாகவே அதன் அடியில் போய் நின்றது. இறகு மூன்று போனால் இரண்டு போகும், இரண்டு போனால் ஒன்று. இடது சிறகு முழுக்கப் பிரிந்துவிட்டது. ஏழு தடவை பிரித்த இடத்தில் துணி பஞ்சு பூத்துவிட்டது, வெளிச்சத்தில் பிடித்தால் பழைய ஊசித் துளையெல்லாம் பொடிப்பொடியாகத் தெரிகிறது. பிரித்தால் ஒன்றும் இல்லாமல் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போகாது. துணிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

எல்லோரும் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டரைத்தான் சொல்வார்கள், கான்வென்ட் வளர்ப்பு, ஸ்கேலால் முட்டியில் அடித்துப் பழக்கியிருப்பார்கள் என்று. சிஸ்டர் பெர்னதெத் யாரையும் அடித்ததில்லை. நூலை நாக்கில் ஈரப்படுத்திக் கோக்கும்போது அவரே தடுமாறி, "பாருங்க, ஊசி காதைப் பொத்திக்கிச்சு, நான் கூப்பிட்டது கேக்கலையாம்" என்பார். வகுப்பே சிரிக்கும். அடி இல்லை, திட்டு இல்லை. நடந்தது வேறு. எட்டாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கண்காட்சி வைத்தார்கள், என் கைக்குட்டை ஒன்றைச் சிஸ்டர் பலகையில் திருப்பி மாட்டிவிட்டார், பின்பக்கம் தெரியும்படி. வேண்டுமென்றே. விருந்தாளியாக வந்த அம்மாள் முத்துமாலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, இதில் எது முன்பக்கம் என்று கேட்டார். சிஸ்டர் கைக்குட்டையைத் திருப்பிக் காட்டினார், மறுபடியும் திருப்பினார். கை தட்டினார்கள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. யார் இந்தப் பிள்ளை, இதுதான், டெல்பின், ஏ செக்ஷன், எழுந்து நில்லும்மா. நின்றேன். அந்தக் கைதட்டல் எவ்வளவு நேரம் இருந்திருக்கும், ஐந்து விநாடி, பத்து விநாடி. அன்றைக்கு நின்றவள் இன்னும் உட்காரவில்லை என்று சில நேரம் தோன்றும். அதன்பிறகு ஒரு பூ தைத்தால் அது பூவாக இருக்கிறதா என்று நான் பார்த்ததில்லை. திருப்பித் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன். பாராட்டுக்கூட இப்படி ஒரு வேலை செய்யுமா. திட்டியிருந்தால் எதிர்த்துக்கொண்டாவது இருந்திருப்பேன்.

அதற்கு முன்னால் ஒரு வாத்து இருந்தது. ஆறாம் வகுப்பில், கடைசி பெஞ்சில், சமூக அறிவியல் புத்தகத்துக்கு அடியில் ஒளித்து வைத்துத் தைத்தது. ஆரஞ்சு நூல்தான் இருந்தது, அதனால் ஆரஞ்சு வாத்து. கழுத்து நீண்டுகொண்டே போய்விட்டது, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை, துணி முடிந்த இடத்தில் தலையை வைத்தேன். பக்கத்தில் இருந்த ரோசலின் பார்த்துவிட்டு, "ஏய், இது வாத்தா ஒட்டகமா?" என்றாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் பெஞ்சு ஆடியது. "எனக்குக் குடுடி" என்று கேட்டு வாங்கி யூனிபாரம் பையில் வைத்துக்கொண்டாள். பின்பக்கம் எப்படி இருந்தது. நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், ஞாபகமே இல்லை. நான் திருப்பியே பார்க்கவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு தைத்தது ஞாபகம் இருக்கிறது, கீழ் உதட்டில் எச்சில் காய்ந்த சுவைகூட இருக்கிறது. கீழ் வீட்டில் தையல் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரர் புஷ்பராணி அக்கா, ஒரு நாளைக்கு ஏழெட்டு ஜாக்கெட் தைப்பார், தைத்துக்கொண்டே போனில் பேசுவார், பேசிக்கொண்டே சாப்பிடுவார். போன வாரம் ஒரு ஜாக்கெட்டுக்குக் கையை இடம் மாற்றிப் பொருத்திவிட்டு, "அட, இடது வலதுக்குப் போயிருச்சு டெல்பினு, அந்தப் பொம்பளை திரும்பி நின்னு போட்டுக்குமா கேளு" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு பிரித்தார், பொருத்தினார், பாட்டை முணுமுணுத்துக்கொண்டே. அவரும்தான் பிரிக்கிறார். அவர் பிரிப்பது வேறு, நான் பிரிப்பது வேறு. நேற்று மெல்லிக்கு ஒரு சிவப்பு நூல் ரீல் கொடுத்தனுப்பினார், பொம்மைக்குச் சடை கட்டச் சொல்லி. என் வெள்ளையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ வெள்ளையாவா தைப்பாங்க, பிள்ளைக்குக் கண்ணு கூசாது?" என்றார். நான் சிரித்து வைத்தேன்.

சமையலறையில் போன் அடித்தது. ஐயோ, சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன், இவன் புருவத்தைச் சுருக்கினான், எழுந்து ஓடினேன். பெலிக்ஸ். பின்னால் இரும்பு அடிக்கும் சத்தம். "டெல்பி, பேக்கரிக்காரர் கேக்குறாரு. கேக்குக்குச் சொல்லிரவா?" "ம்." "என்ன ம்? இந்தத் தடவை மாறாதுல்ல? போன தடவை கேக்கை வாங்கிட்டு வந்து நாமளே நாலு நாள் தின்னோம்." "மாறாது." "புறா பறந்துருச்சா?" அவர் கேலியாகத்தான் கேட்டார். ஒரு சிறகுதான் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. "பறந்துரும்" என்றேன். இரும்புச் சத்தம் தூரமானது, தள்ளிப் போய் நின்றுகொண்டார்போல. "முடியலன்னா சொல்லு டெல்பி. கடையில வாங்கிக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீ ராத்திரியெல்லாம் உக்காந்துருக்கிறது எனக்குப் பயமா இருக்கு." வைத்துவிட்டார். பயமா இருக்கு என்றார். எனக்கும்தான். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, இவன் மூச்சுக்கு, மாடிப்படிக்கு, கொதிக்கும் பாலுக்கு, வாய்க்குள் போகும் பொத்தானுக்கு, எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன், ஆனால் அடியில் வேறொன்று இருக்கிறது, நூல் தாண்டிப் போவதுபோல் பின்பக்கமாகவே போய்க்கொண்டிருக்கிறது, முன்னால் தெரிவதில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஊசியை எங்கே வைத்தேன். எண்ணினேன். நான்கு. மறுபடியும் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. போன் அடித்தபோது ஊசியை எங்கே குத்தினேன், வளையத்திலா, நைட்டியிலா, மெத்தை ஓரத்திலா. நைட்டியைத் தடவிப் பார்த்தேன். உடுப்பை எடுத்து மடிப்பு மடிப்பாகப் பார்த்தேன், உதறினேன், வெளிச்சத்தில் பிடித்தேன். இல்லை. அதைக் கதவோர நாற்காலியில் போட்டேன். மெத்தையில் பிள்ளை படுத்திருக்கிறான்.

பிள்ளை படுத்திருக்கிறான், கால் இரண்டையும் தவளைபோல் மடித்துக்கொண்டு, வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. எதைப் பார்த்தாலும் வாயில் வைக்கும் வயசு. போன் பேசியபோது முழித்திருப்பானா, கையை நீட்டியிருப்பானா, வாயில் போட்டுக்கொண்டு மறுபடியும் தூங்கியிருப்பானா. ஊசியை விழுங்கினால் அழ மாட்டானா. அழுதிருப்பான். அழாமல் விழுங்கிவிட்டால். ஆஸ்பத்திரியில் அந்தக் கறுப்புப் படத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார்கள், சின்னச் சின்ன விலா எலும்பு, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, இது என்னம்மா, ஊசி டாக்டர், எதற்கு ஊசி, புறாவுக்கு. வாயைத் திறக்காமல் கீழ் உதட்டை மட்டும் விலக்கிப் பார்த்தேன், நாக்கு, ஈறு, நுனி மட்டும் வெளியே தெரியும் இரண்டு பல். உள்ளங்கையால் மெத்தையைத் தடவினேன், குத்தட்டும், என் கையில் குத்தட்டும், குத்தினால் அதற்குமேல் சந்தோஷம் இல்லை. குத்தவில்லை. அப்போதுதான் காந்தம் நினைவுக்கு வந்தது. பழைய ஸ்பீக்கரை உடைத்தபோது பெலிக்ஸ் எடுத்து வைத்தது, தண்ணீர் கேன்காரர் நம்பர் எழுதிய சீட்டைப் பிடித்துக்கொண்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும். பிடுங்கிக்கொண்டு வந்து இவன் மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து மெதுவாக நகர்த்தினேன், தலையிலிருந்து கால்வரை, பிறகு கீழே இறக்கி மெத்தையில், தலையணைக்கு அடியில். யாராவது பார்த்தால் மந்திரிக்கிறாள் என்பார்கள். காந்தத்தில் ஒரு ஊக்கு வந்தது. ஒரு ஹேர்பின் வந்தது. ஊசி வரவில்லை. வரிசை வரிசையாக இடமிருந்து வலம் போய்க்கொண்டிருந்தேன், ஒரு வரிசையின் ஓரம் அடுத்த வரிசையின் ஓரத்தைத் தொடும்படி, இடைவெளி விடாமல். சாட்டின் தையல் போடுவதும் இப்படித்தான். பிள்ளையின் உயிரைத் தேடும்போதும் என் கை அதைத்தான் செய்கிறது. நடுவில் ஒரு வரிசை கோணலாகப் போய்விட்டது என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆண்டவரே, ஊசி கிடைத்தால் போதும், இனி தொட மாட்டேன், கடையில் வாங்குகிறேன், நைலான் சரிகை வைத்த உடுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. வேண்டிக்கொள்ளும்போதே இன்னொரு மனசு, தொட மாட்டேன் என்றால் வருத்தமாக இருக்க வேண்டாமா என்று கேட்டது. இல்லை. வருத்தமே இல்லை. கல்லைக் கீழே வைப்பதுபோல் இருந்தது. பதினொரு வயசில் எனக்கு உலகத்திலேயே பிடித்த வேலை இது. எப்போது கல்லானது.

கட்டிலுக்கு அடியில் படுத்து, காந்தத்தைத் தரையோடு தேய்த்துக்கொண்டு போனேன். தூசி, ஒரு பட்டாணி, மெல்லியின் ரப்பர். ரப்பர் பாதிதான் இருந்தது. பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து வாங்கிக் கொடுத்ததில் இது மூன்றாவதோ நாலாவதோ. அவள் டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்கள், மெலிட்டா நல்லா எழுதுறா, ஆனா அழிச்சு அழிச்சு நோட்டுல ஓட்டை போட்டுடுறா, 'அ' ஒண்ணுக்கு அரை மணி நேரம் ஆகுது, வீட்டுல ரொம்பத் திட்டுவீங்களோ. திட்ட மாட்டேன் டீச்சர் என்றேன். உண்மைதான். நான் திட்டியதே இல்லை. நான் செய்தது ஒன்றே ஒன்று. ஜூன் மாதம், மழை வரப்போகும் ஒரு சாயங்காலம், யானை வரைந்து கொண்டுவந்தாள், ஊதா யானை, முதுகில் இவன் உட்கார்ந்திருக்கிறான், தம்பி ஊர்வலம் போறான்மா என்றாள். நான் வாங்கினேன். பார்த்தேன். பார்த்தேனா? வாங்கியதும் தாளைத் திருப்பினேன். என் கை திருப்பியது, நான் நினைக்கக்கூட இல்லை. பின்பக்கம் ஸ்கெட்ச் பேனா மை ஊறித் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. "பின்னாடி ஊறியிருக்கு பாரு, அழுத்தாம வரையணும்" என்றேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சரிம்மா என்றாள். அவ்வளவுதான். அன்றையிலிருந்து அவள் படம் காட்டினால் தாளைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் காட்டுகிறாள். விளையாட்டு என்று நினைத்தேன். இப்போது, கட்டிலுக்கு அடியில், கன்னம் தரையில் ஒட்டியிருக்க, அது என்ன என்று தெரிந்துவிட்டது. தாளைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், உலகத்தில் யாராவது குழந்தை வரைந்த யானையைத் திருப்பிப் பார்ப்பார்களா. அவளுக்கும் காது சூடாகியிருக்கும். எனக்குப் பின்னால் அவளும் எழுந்து நிற்கிறாள், உட்காராமல். என் பயத்தின் பெயர் இதுதான். ஊசி இவன் வயிற்றில் இருந்தால் டாக்டர் எடுத்துவிடுவார்.

மெல்லி எங்கே. ரொம்ப நேரமாகச் சத்தமே இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து நெளிந்து வெளியே வந்து பார்த்தால், கதவோர நாற்காலி காலியாக இருக்கிறது. உடுப்பு இல்லை. அதன் காலடியில் சிவப்பு ரீல் கிடக்கிறது, லேசாக உருள்கிறது, நிற்கிறது, மறுபடியும் ஒரு சுற்று உருள்கிறது. அதிலிருந்து சிவப்பு நூல் தரையோடு போகிறது, கதவைத் தாண்டி, கூடத்தில் பாயில் சிதறிக்கிடக்கும் கலர் பென்சில்களைத் தாண்டி, பால்கனிப் பக்கம். சிவப்பு. சிவப்பா, அந்த வெள்ளையிலா. நூலை மிதிக்காமல் அதன் ஓரமாகவே நடந்தேன். பால்கனியில் துவைத்த துணிகள் தொங்கும் கொடிக்குக் கீழே, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், மெல்லி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் உடுப்பு. கையில் ஊசி, ஐந்தாவது ஊசி, வெயிலில் மின்னியது. ஊசி இங்கே இருக்கிறது, இவன் வயிற்றில் இல்லை, ஊசி இங்கே இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள். நாக்கின் நுனி மேல் உதட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, ஊசி உள்ளே போனது, கொஞ்சம் தேடியது, எங்கோ வெளியே வந்தது, அவள் கையை உயர்த்தி இழுத்தாள், அறுக்காத நூல் ஆதலால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, ரீல் உள்ளறையில் உருளும் சத்தம் எனக்குக் கேட்டது. மூக்கால் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் ஜூன் மாதத்துக்குப் பிறகு பார்க்கவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் நின்றிருப்பேன், இரண்டு தையல் நேரம், மூன்று தையல் நேரம். பிறகு என் நிழல் அவள்மேல் விழுந்தது. பதறிப்போய் உடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"தொட்டுட்டேன்" என்றாள். கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள், ஒடிப்பதற்கு முன்னால். நான் உட்கார்ந்தேன். ஈரத் தரை, பரவாயில்லை, உட்கார்ந்தேன். "ஊசிய மட்டும் குடு செல்லம். தம்பி முழுங்கிட்டானோன்னு அம்மா செத்துட்டேன்." "போன்ல பேசப் போனப்பதாம்மா எடுத்தேன். குடுக்க முடியாது, நூல் மாட்டியிருக்கு." அதுவும் சரிதான். "என்ன தச்ச?" அவள் உடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சிலிருந்து விலக்கினாள். ஒற்றைச் சிறகோடு வெள்ளையில் வெள்ளையாக நின்ற புறாவின் வயிற்றுக்குக் கீழே, சிவப்பில், இரண்டு கால். ஒன்று நீளம், ஒன்று குட்டை. நீளமான காலுக்கு விரல் நாலு, குட்டைக் காலுக்கு இரண்டுதான், மிச்சம் இனிமேல்தான் வரும்போல. "அதுக்குக் காலே இல்லம்மா. அப்பவே கேட்டேன், நீ போடின்னுட்ட. பறந்து பறந்து கால் வலிச்சா எங்க உக்காரும்?" மாதா கோயில் மணிக்கூண்டில் உட்காரும் புறாக்களை ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறேன். அவற்றின் கால் சிவப்பு. எனக்குத் தெரியும், ஆனால் இப்போதுதான் தெரிகிறது. ஏழு தடவை தைத்து ஏழு தடவை பிரித்தவள் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி. என் வலது கை அதற்குள் வளையத்தின் விளிம்பைப் பிடித்துவிட்டது. கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, திருப்புவதற்கு. "பின்னாடி பாக்காதம்மா." சத்தமாகச் சொல்லவில்லை. கெஞ்சவும் இல்லை. சூடான பாத்திரத்தைத் தொடாதே என்று தம்பிக்குச் சொல்வதுபோல் சொன்னாள், எனக்கு வலிக்கக்கூடாது என்பதுபோல். கையை எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "நல்லாருக்கா?" "இதால நிக்க முடியும் மெல்லி." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீதி இரண்டு விரலையும் தைத்தாள். பிறகு ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விழித்தாள். "இப்ப எப்படிம்மா நிறுத்துறது? விட்டா உருவிக்கிட்டு வந்துரும்." "முடிச்சுப் போடணும்." "போட்டுக் குடு." முடிச்சு பின்பக்கத்தில்தான் போட முடியும். அது அவளுக்கும் தெரிந்துவிட்டது, என் முகத்தையே பார்த்தாள், மறுபடியும் உடுப்பு நெஞ்சை நோக்கி நகர ஆரம்பித்தது. "நான் கண்ண மூடிக்கிறேன்" என்றேன். "நெசமா?" "நெசமா." "கண்ணுல இடுக்கு வச்சுப் பாக்கக் கூடாது." "மாட்டேன்டி." மூடினேன். இமைக்குள் வெயில் ஆரஞ்சாக இருந்தது. அவள் என் கையைப் பிடித்துத் துணிக்கு அடியில் கொண்டுபோனாள், ஊசியை என் விரலுக்குள் திணித்தாள். பின்பக்கம் என் விரல் நுனிக்கு வந்தது. அம்மாடி. நூல் நூலோடு சிக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒரு இடத்தில் பட்டாணி அளவுக்குத் திரண்டு, ஒரு இடத்தில் வளையம் வளையமாகத் தொங்கி, எங்கேயிருந்து எங்கே போகிறது என்று சொல்லவே முடியாமல். விரல் அதை எண்ணப் பார்த்தது, முடியவில்லை, விட்டுவிட்டது. ரோசலினின் யூனிபாரம் பைக்குள் இருந்த வாத்தின் பின்பக்கமும் இப்படித்தான் இருந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டே நூலைச் சுற்றி ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொன்று, உருவாமல் இருக்க மூன்றாவது. பல்லால் நூலைக் கடித்தேன். வாயில் சாயத்தின் சுவை. "ஆச்சு. ஊசி எங்கிட்டயே இருக்கட்டும், அஞ்சாச்சான்னு பாக்கணும்." அது மட்டும் எண்ணலாம். எண்ணத்தான் வேண்டும். "கண்ணத் தொறக்கட்டா?" "இரு இரு, திருப்பி வைக்கிறேன். ம், இப்ப." திறந்தேன். சிவப்புக் கால், கோணலாக, வெயிலில். உள்ளே இவன் முழித்துக்கொண்டு சிணுங்க ஆரம்பித்தான். கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சிறகு பாக்கி. அது எப்படி வருமோ அப்படி வரட்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வரட்டும். "அம்மா." "என்னடி?" மெல்லி உடுப்பை எட்ட நீட்டிப் பிடித்து, தலையைச் சாய்த்து, ரொம்ப யோசித்துவிட்டுக் கேட்டாள்: "ரெண்டு போதுமா? இல்ல, தம்பி கனமா இருக்கான்ல, அவனையும் தூக்கிட்டு நிக்கிறதுக்கு மூணாவதா ஒரு கால் போட்டுரட்டா?"